நீர்மூழ்கி மாதிரி ஆழங் காக்கும் வகை

குளச்சல் என்றவுடன், 1741-ஆம் ஆண்டில் மார்த்தாண்டவர்மர் டச்சுக்காரரை வென்ற போரே நம் மாணவர்க்கு நினைவில் எழும். அக்கடலைக் காணும் விஞ்ஞான மாணவர் சிந்திக்கத்தக்க பிறிதொரு விஷயமும் உண்டு. அது நீரின்கீழ்ச் செல்லுங் கலம் தன் ஆழத்தைத் தானே காப்பதாம். ரேடியோவால் இயங்கும் சிறு நீர்மூழ்கி மாதிரியைச் செய்வோர் அடைகிற பெருந்தொல்லை இதுவே. விதித்த ஆழத்தில் நில்லாமல் அது ஓங்கில்போல் ஏறி இறங்கும். அன்றி அடித்தரையிற் சென்று படுக்கும். உடனே மின்னணுக் கருவியைப் பழிப்பர். பல வேளைகளில் குற்றம் வேறிடத்தில் இருக்கும். ஆதலின் அதனைத் தேடும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

நீரில் ஒரு மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 98 மில்லிபார் மிகும். இதனை ஒரு சிறு சென்ஸர் உணர்ந்து மின்குறியாக்கும். ஆளுங் கருவி அக்குறியை விதித்த ஆழத்தோடு ஒப்பிட்டு, படுகிடையாய் அமைந்த சுக்கான்களைச் சர்வோ மோட்டாரால் திருப்பும்.

முதலாவது நோக்க வேண்டுவது எடை. ஐந்து லிட்டர் நீரை விலக்கும் மாதிரியை நாஞ்சில்நாட்டுக் குளமொன்றில் சமன்செய்து, பின்னர்க் குளச்சற் கடலில் விட்டால், உப்புநீரின் அடர்த்தியால் சுமார் 125 கிராம் மிதப்பு மிகும். அது அமிழ மறுக்கும். கடலிற் சமன்செய்தது குளத்தில் மூழ்கிப்போம். கலம் ஓடும்போதன்றிச் சுக்கானுக்கு வலிமையில்லை. ஆகவே எடைப்பிழையை எக்கருவியாலும் முற்றும் திருத்தவொண்ணாது.

இரண்டாவது, சென்ஸர் கூறுவது மெய்யா என்பது. அளவு குறித்த மூங்கிற் கழியில் மாதிரியைக் கட்டி நீரில் இறக்கி ஒப்பிடுக. துளையில் மணலோ காற்றுக் குமிழோ அடைத்திருத்தலாகாது. சில சென்ஸர்கள் வெளியழுத்தத்தைக் கலத்தினுள் அடைபட்ட காற்றோடு ஒப்பிடுவன. நண்பகல் வெயிலில் 40 டிகிரி வெப்பத்தில் மூடிய கலம் நீரில் 28 டிகிரிக்குக் குளிருமாயின், உட்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 39 மில்லிபார் குறையும். அதனால் கருவி உள்ளதினும் 40 சென்டிமீட்டர் மிகுதியான ஆழத்தைக் காட்ட, கலம் அவ்வளவுக்கு மேலேறி நிற்கும். ஆகவே நீரிற் குளிர்ந்த பின்னரே பூஜ்யத்தைக் குறித்தல் வேண்டும்.

மூன்றாவது சுக்கான். கையால் மூக்கைத் தாழ்த்தினால், அதனை உயர்த்தும் பக்கமாகவே சுக்கான் திரும்ப வேண்டும். எதிராகத் திரும்பினால் கருவி கலத்தை ஆழத்துக்கே செலுத்தும். இணைப்புக் கம்பியில் தளர்ச்சி இருப்பினும் ஆட்டம் உண்டாகும்.

இம்மூன்றும் செவ்வையாயிருந்தும் துள்ளினால், அப்போதே ஆளுங் கருவியைத் தொடுக. 1866-இல் ராபர்ட் வைட்ஹெட் என்னும் ஆங்கிலேயர், இன்று ரியேக்கா எனப்படும் ஃபியூமே நகரில் செய்த டார்ப்பீடோவும் இங்ஙனமே ஏறியிறங்கிற்று. அது நீரழுத்தம் ஒன்றையே நம்பியது. ஆழம் எய்திய பின்னும் மூக்குச் சாய்ந்தே இருப்பதால், கலம் எல்லை கடந்து ஓடியது. 1868-இல் அவர் ஓர் ஊசற்குண்டை இணைத்துச் சாய்வையும் உணரச் செய்யவே, அலைவு அடங்கிற்று. இக்காலத்தில் சாய்வுச் சென்ஸர் அவ்வேலையைச் செய்யும். ஆழப்பிழைக்குச் சுக்கான் திரும்பும் அளவைக் குறைத்துச் சாய்வுக்குரியதைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. ஒருகால் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றின் எதனால் குணமாயிற்றென்பது விளங்காது.

கடலில் இறக்குமுன் மற்றொன்றும் அறிதல் வேண்டும். நன்னீரில் 40 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகள் சில மீட்டர் ஊடுருவும். கடல்நீரிலோ ஓரடிக்குள்ளேயே வலியிழக்கும். கரையில் நிற்பவன் கட்டளை ஆண்டுச் செல்லாது. ஆகலின் சமிக்ஞை அற்றவுடன் மேலெழும் ஏற்பாடும், மின்சாரம் நின்றாலும் தானே மிதக்கத்தக்க சிறு இலகுவும் இன்றியமையாதன. இவையின்றேல் பல திங்களின் உழைப்பு ஒரு நொடியில் கடலுக்கு இரையாகும்.

மூவர் உட்புகுந்து 6000 மீட்டர் ஆழம் செல்லுமாறு, சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் அமைக்கும் 'மத்ஸ்யா 6000' என்னுங் கலத்தை, 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பரீட்சித்தபோது, மிதப்பும் நிலைபேறும் ஆராயப்பட்டன. உயிர்களைச் சுமக்குங் கலத்துக்கே இம்முறை வேண்டுமாயின், சிறு மாதிரியில் இதனைப் பயிலும் மாணவர் விளையாட்டன்று, மெய்யான தொழிலையே கற்பவராவர்.