படலையும் பல்கலைக்கழகமும் – 9: நூற்றுக்கு எண்பது

சென்ற வாரம், பல்கலைக்கழகப் பிரவேசத்துக்குரிய இடங்கள் திறமைக்கு 40, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்ற வீதத்தில் பங்கிடப்படும் கணக்கோடு நிறுத்தியிருந்தோம். அனுமதிக் கடிதம் வந்த வீட்டில் கும்பழாவளைப் பிள்ளையாருக்குப் பொங்கலும் ஆயிற்று, இனத்தவருக்கெல்லாம் சொல்லியும் ஆயிற்று. இனிப் பிள்ளை தன்பாட்டில் படித்துக்கொள்ளும் என்று அளவெட்டிப் பெற்றோர் ஆறுதலடைகிற அந்த வேளையிலேதான், என் அபிப்பிராயத்தில், விசேஷமான சோதனை ஒன்று ஆரம்பமாகிறது. விஞ்ஞான பீடம் முதல் வாரத்திலே கையிற் கொடுத்து, பெரும்பாலோர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிற கைந்நூலில் அது இருக்கிறது.

யாழ்ப்பாண வளாகம் 1974 ஒக்டோபர் 6 ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டபோது விஞ்ஞான பீடத்துக்குத் திருநெல்வேலியில் இடமிருக்கவில்லை. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக் கட்டிடங்களிலே அது தொடங்கிற்று. 1979 இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அளவெட்டி மாணவர் மல்லாகத்துக்கு வந்து, சுன்னாகம், மருதனார்மடம், இணுவில், கோண்டாவில் என்று காங்கேசன்துறை வீதியாலே திருநெல்வேலிக்குப் போய்ச் சேரவேண்டிய தூரம் அதிகமில்லை. விடுதி வேண்டாம், வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது அனுகூலம். வீட்டுக் காரியம் எதிலிருந்தும் விலக முடியாதென்பது அதன் மறுபக்கம்.

வரவு பற்றிய நியமத்தைப் பாருங்கள். விரிவுரையென்றால் ஒரு கிரெடிட்டுக்குப் பதினைந்து மணி நேரம். இரண்டு கிரெடிட் பாடமொன்று வாரத்துக்கு இரண்டு மணியாகப் பதினைந்து வாரம் நடக்கும். நூற்றுக்கு எண்பது வரவில்லாதவர் பரீட்சைக்குத் தோற்றலாகாது. ஆகவே ஒரு பருவத்திலே தவறவிடத்தக்கது ஆறு மணி, அதாவது மூன்று வாரம். தாராளமான சலுகையென்றே எவருக்கும் தோன்றும். ஆயினும், தகப்பனுக்குக் கொள்ளிவைத்த மகன், எட்டுச் செலவு முடிந்து, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி செய்து, வீட்டுக் கிருத்தியமும் நிறைவேறும்வரை படலை தாண்டாதிருப்பதைக் கடமையென எண்ணும் குடும்பத்திலே அவன் இழப்பது நான்கு வாரத்துக்கும் மேல். சாஸ்திரத்தின் கணக்கும் பீடத்தின் கணக்கும் ஒரு வாரத்தால் முட்டிக்கொள்கின்றன. காய்ச்சலுக்கு வைத்தியர் சான்றிதழ் தருவார். துக்கத்துக்கு எந்த வைத்தியர் தருவார்?

என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தால் பேர்பெற்ற அளவெட்டியிலே, குருவின் திண்ணையில் தவில் பழகுகிற பையன் இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் குருவே அவன் வீட்டு வாசலில் நிற்பார். பெரிய விரிவுரை மண்டபத்திலோ கையொப்பத் தாளொன்றே வரிசை வரிசையாகக் கைமாறிச் செல்கிறது. வராத நண்பனுக்காக இன்னொருவன் ஒப்பமிடுவதும் உண்டென்பது எல்லோரும் அறிந்த இரகசியம். நியமத்தை நான் குறைகூறவில்லை. மூன்று மணி நேரச் செய்முறை வகுப்பிலே பியூரெட்டைப் பிடித்து, துளி துளியாக விட்டு, நிறம் மாறும் கணத்தைக் கண்ணாற் கண்டு பழகாதவனுக்கு இரசாயனப் பட்டம் கொடுப்பதெங்ஙனம்? தாளுக்கு வராதவனைத் தெரியும், வராத காரணம் தெரியாது. அதுவே என் முறைப்பாடு.

இதைவிடக் கடுமையானது மீளத் தோற்றும் பரீட்சை பற்றிய விதி. முதன்முறை எழுதி ஏ எடுத்தவனுக்குத் தரப்புள்ளி 4.0, தக்க காரணங் காட்டாமல் தவறவிட்டவன், அல்லது சித்தியெய்தாதவன், மறுமுறை எவ்வளவு திறமாக எழுதினாலும் அவனுக்குக் கிடைப்பது அதிகபட்சம் சி, அதாவது 2.0. முதல் வகுப்புக்குச் சராசரி 3.70 உம், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30 உம் வேண்டப்படுகையில், இத்தகைய சி இரண்டு மூன்று சேர்ந்தால் நான்காம் ஆண்டில் எவ்வளவு பிரயாசைப்பட்டும் மீள்வது அரிது.

இனி மொழி. உயர்தரம் வரை தமிழிலே கற்றுத் திறமைச் சித்தியெய்தியவன், இங்கே எல்லாவற்றையும் ஆங்கிலத்திலே கேட்டு ஆங்கிலத்திலே எழுதவேண்டும். ரியூட்டரியில் மூன்று வருடம் முன்வாங்கிலே இருந்தவன், முதலாம் ஆண்டில் பின்வாங்குக்குப் போய் மௌனமாகிவிடுகிறான். முதற் பருவத்திற் சறுக்குவோரிற் பலருக்குக் கணிதத்திற் குறைவில்லை. வினாவை விளங்கிக்கொள்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. ஆங்கில வகுப்பைப் பீடம் நடத்துகிறது. அதையே அநாவசியமென்று தவிர்ப்பவரும் இப்படிச் சறுக்குவோரே.

உதவிக்கு ஏற்பாடுகள் இல்லாமலில்லை. 1981 இல் தாபிக்கப்பட்ட மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசில் நெடுங்காலம் மாதம் 5000 ரூபாயாக இருந்து, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7500 ஆக உயர்த்தப்பட்டது. அது கிடையாதோருக்கு உதவுதொகை உண்டு. மாணவ ஆலோசகர்கள் உளர். பகிடிவதைக்கு எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. ஆனால் இவையனைத்தும் கேட்பவனுக்கே கிடைப்பவை. கேட்பது நம்மவர்க்கு மானக்கேடு. “வீட்டு நிலைமையை வெளியிலே சொல்லாதே, தம்பி” என்று பழக்கப்பட்ட பிள்ளை, ஆலோசகரின் கதவருகே சென்று, உள்ளே ஆளிருப்பதைக் கண்டு, பிறகு வருவோமென்று திரும்பிவிடுகிறான்.

விதிகளெல்லாம் செயலற்றுப்போன காலமும் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் போரினால் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது வரவுப் பதிவை யார் பார்த்தார்? நாலாண்டுப் பட்டத்துக்கு ஆறேழு ஆண்டு சென்றோர் நம்மூரிலேயே இருக்கின்றனர். அதற்கு முன், எரிபொருட் தட்டுப்பாட்டுக் காலத்திலே, கேம்பிரிட்ஜில் மண் பொறியியலில் ஆய்வுசெய்து உலகறிந்த அறிஞரான துணைவேந்தர் அ. துரைராஜா சைக்கிளிலேயே பல்கலைக்கழகம் வந்துபோனார். அக்காலத்து மாணவர் அவரைப் பற்றிப் பேசும்போது சுற்றறிக்கை எதையும் நினைவுகூர்வதில்லை. வீதியிலே கண்டதையே சொல்கிறார்கள்.

இவ்வளவும் வாசித்த பெற்றோர் இன்றிரவே கைந்நூலைப் பெட்டியிலிருந்து எடுப்பிக்கட்டும். நோயுற்றால் மருத்துவச் சான்றிதழைக் குறித்த நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தோற்றலாகவே கொள்ளப்படும், சி என்ற தடையுமில்லை. பரீட்சை முடிவு வந்தபின் கொண்டுபோனால் எவரும் அதைக் கையாலும் தொடமாட்டார். துக்கம் நேர்ந்த வீட்டிலே, எட்டுச் செலவுக்கு முன்னரே, துறைத் தலைவருக்கும் மாணவ ஆலோசகருக்கும் ஒரு கடிதம் எழுதி, மகனால் போகமுடியாவிட்டால் சிற்றப்பனோ மாமனோ கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் வாங்கி வரலாம்.

(தொடரும்)