வாடகை கார்ல டூரா? ஒரு நிமிஷம் பாஸ்!

செமஸ்டர் முடிஞ்ச கையோட நாலு பேர் சேர்ந்து பாண்டிச்சேரி, ஊட்டின்னு கிளம்புறது காலேஜ் லைஃப்ல எழுதப்படாத சட்டம். அதுலயும் செல்ஃப் டிரைவ் கார் எடுத்து நாமளே ஓட்டினா கெத்தும் ஜாஸ்தி, டிரைவர் பேட்டாவும் மிச்சம். ஆனா, வாடகையை மட்டும் பார்த்து வண்டி எடுத்தா பர்ஸோட சேர்ந்து நட்பும் கிழிஞ்சுடும். சாவி வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிச்சிடுங்க.

பிளேட் என்ன கலர்?

பெட்ரோல், டீசல் கார்னா கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கணும். முறையா வாடகைக்கு விடுற செல்ஃப் டிரைவ் வண்டிக்கு அதுதான் அடையாளம். 'ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட் கார் மச்சி, ஐந்நூறு ரூபா கம்மி'ன்னு வர்ற வெள்ளை பிளேட் வண்டிக்கு நோ சொல்லிடுங்க. சொந்த உபயோகத்துக்கான பாலிசி, வாடகைக்கு விட்டா செல்லாது. இடிச்சிட்டா இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். ஓனர் உங்க வீட்டு வாசல்ல நிப்பார்!

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

* கிலோமீட்டர் லிமிட்: சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியா பாண்டி போக சுமார் 150 கி.மீ. போய் வந்து, ஊர் சுத்தினா 350 ஆகும். பேக்கேஜ் 250 கி.மீ.தான், கூடுதல் கிலோமீட்டருக்கு 10 ரூபாய்னு வெச்சுக்கோங்க... 1,000 ரூபாய் காலி!

* நேரம்: லேட்டா விட்டா அபராதம் தாளிச்சிடுவாங்க. புக் பண்ணும்போதே ரெண்டு மணி நேரம் கூட்டிப் போடுங்க. சனி, ஞாயிறைத் தவிர்த்தா வாடகையே குறையும்.

* பர்மிட்: பாண்டி யூனியன் பிரதேசம். எல்லை தாண்டுற வரி, பர்மிட் யார் கணக்குன்னு முதல்லயே கேளுங்க. ஊட்டி, கொடைக்கானல்னா 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தாச்சு. கிளம்புறதுக்கு முன்னாடியே எடுத்திடுங்க.

* வீடியோ: வண்டியைச் சுத்தி ஒவ்வொரு கீறலையும், பெட்ரோல் முள்ளையும் செல்போன்ல எடுத்து வெச்சுக்கோங்க. பழைய கீறலுக்கு நீங்க ஏன் தண்டம் அழணும்?

இன்ஷூரன்ஸ் வேணுமா, வேணாமா?

எல்லா வண்டிக்கும் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஆனா அது நாம இடிச்ச அடுத்தவங்களுக்கு. நாம எடுத்த காருக்கு அடிபட்டா, அக்ரிமென்ட்ல சொல்லியிருக்கிற தொகை வரைக்கும் நம்ம தலையில விழும். கொஞ்சம் கூடுதலா கட்டினா அந்தத் தொகையைக் குறைப்பாங்க. இதுக்குப் பேர்தான் டேமேஜ் வேவர்.

எடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண சிம்பிள் கணக்கு. வேவர் 400 ரூபாய், இல்லேன்னா பொறுப்பு 10,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். நாலு பேர்னா வேவருக்கு ஆளுக்கு 100. எடுக்காம இடிச்சா ஆளுக்கு 2,500. நாளைக்கே அதை எடுத்து வைக்க முடியும்னா வேவர் வேண்டாம். அப்பாகிட்ட கை நீட்டணும்னா, பேசாம நூறு ரூபாயைப் போட்டுடுங்க.

வேவர் எடுத்தாலும் டயர், சாவி, அடிப்பாகம் பெரும்பாலும் அதுல வராது. தண்ணியடிச்சு ஓட்டினாலோ, புக்கிங்ல பேர் இல்லாத மாப்ள ஸ்டியரிங்கைப் பிடிச்சாலோ வேவர் வெறும் பேப்பர்தான்.

கடைசியா ஒண்ணு. அடிபட்டா செலவு ஓட்டினவனுக்கு மட்டுமா, நாலு பேருக்குமான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. அந்த இன்ஷூரன்ஸுக்கு பைசா செலவில்லை!