கேணல் ஒல்கொட்டும் மறைபொருள் ஆராய்ச்சியும்

மறைபொருள் வித்தை என்றதும் எம்மவர்க்கு மை போட்டுப் பார்த்தலும் கழிப்புக் கழித்தலுமே நினைவில் எழும். மேனாட்டார் சென்ற நூற்றாண்டுக்கு முன்னைய நூற்றாண்டில் அதனை வேறு பொருளிற் கொண்டனர். புலனுக்கு எட்டா ஆற்றல்களையும் கீழைச் சமயங்களின் உட்பொருளையும் ஒருங்கே ஆராய்தலை அது குறித்தது. அவ்வாராய்ச்சிக்குத் தம் பிற்பாதி வாழ்நாள் முழுவதையும் ஈந்து, நாடு நாடாய்ச் சென்று சொற்பொழிவாற்றியவர் அமெரிக்கரான கேணல் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட்.

1832இற் பிறந்த இவர், உள்நாட்டுப் போர்க்காலத்திற் படைத்துறை மோசடிகளைத் துருவிக் கண்ட அதிகாரி, பின்னர் வழக்கறிஞர். 1874இல் வேமொண்ட் மாநிலத்துப் பண்ணை வீடொன்றில் ஆவிகள் தோன்றுகின்றன எனக் கேட்டு, பத்திரிகைக்கு எழுதும் பொருட்டு ஆங்குச் சென்றார். உருசிய நாட்டவரான பிளவட்ஸ்கி அம்மையாரைக் கண்டது ஆங்கேதான். மறு ஆண்டு நியூயோர்க்கிற் பிரமஞான சங்கம் தோன்றிற்று. ஒல்கொட் அதன் முதல் தலைவரானார்.

1879இற் பம்பாய்க்கும், 1880 மே மாதத்திற் காலிக்கும் வந்தார். காலியில் இருவரும் பஞ்சசீலம் ஏற்றனர். பாடசாலை நிதிக்காக மாட்டுவண்டியில் ஊரூராய்ச் சென்று பேசினார். 1881இற் பௌத்த வினாவிடை எழுதினார். வினாவிடை எமக்குப் புதிதன்று. 1879இல் மறைந்த நாவலர் பெருமான் சைவ வினாவிடையை முன்னரே அருளியிருந்தாரன்றோ!

1882இல் கைகளால் தடவி நோய் தீர்க்கவும் முற்பட்டார். வாதநோயாளர் பெருங்கூட்டமாய்த் திரண்டனர். உடல் தளர்ந்தமையால் சில காலத்தின் பின் அதனைக் கைவிட்டார்.

இடி விழுந்தது 1885இல். இலண்டன் உளவாராய்ச்சிக் கழகத்தின் அறிக்கை, அம்மையார் காட்டிய அற்புதங்களை மோசடி என்றது. ஒல்கொட்டை ஏமாற்றுபவர் என்னாது, எளிதில் நம்புபவர் என்றது. மோசடி துருவுதலையே தொழிலாகக் கொண்டிருந்தவர்க்கு இதனினும் பெரிய இழுக்கு யாதுளது? கணக்கேட்டிற் பொய்யைத் தப்பவிடாத கண் அற்புதத்தின் முன் ஏன் மங்கிற்று என்பது எமக்கு இன்றும் விளங்கவில்லை.

ஆயினும் அவர் ஓய்ந்தாரல்லர். 1886இல் அடையாற்றில் நூல்நிலையம் நிறுவினார். செல்லரித்து மண்ணாகவிருந்த ஏடுகள் பல ஆங்குப் புகலிடம் பெற்றன. ஏடு தேடி அலைந்தோர் அதன் அருமையை அறிவர். எமக்கு அவருடைய ஆராய்ச்சியின் மெய்ப்பயன் இங்கேயே தொடங்குகின்றது.

1894 முதல், சென்னையிற் கல்வி மறுக்கப்பட்டிருந்த சாதியாரின் பிள்ளைகளுக்கு இலவசப் பாடசாலைகள் திறந்தார். ஆவி காணப் புறப்பட்டவர் அரிச்சுவடி கற்பிக்க வந்தார். 1907 பெப்ரவரி 17ஆம் நாள் அடையாற்றிலேயே காலமானார். அவர் பெயர் தாங்கிய பாடசாலையொன்று சென்னையில் இன்றும் நடைபெறுகின்றது.