புதுக் காரில் மறுபெயின்ட்: இழப்பு எவ்வளவு, உரிமை எவ்வளவு

601 டாலர் 37 சென்ட். அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகர மருத்துவர் ஒருவர் 1990 ஜனவரியில் வாங்கிய கறுப்பு பி.எம்.டபிள்யூ காருக்கு, அவர் கைக்கு வருவதற்கு முன்பே மறுபெயின்ட் அடிக்க ஆன செலவு இது. கார் விலை 40,750 டாலர் 88 சென்ட். ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழையால் பெயின்ட் கெட்டிருக்கலாம் என்றார்கள். பழுதுச் செலவு விலையில் 3 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் டீலரிடம்கூடச் சொல்லாமல் புதுக் காராக விற்பது நிறுவனத்தின் வழக்கம். ஒன்பது மாதம் கழித்து காரைப் பளபளப்பாக்கக் கொடுத்த இடத்தில்தான் உண்மை வெளிவந்தது. அதே முறையில் விற்ற கார்கள் 983 என்பது வழக்கில் தெரிந்தது.

ஜூரி கணக்கிட்ட இழப்பு 4,000 டாலர். அதற்கு மேல் 40 லட்சம் டாலர் தண்டம் விதித்தார்கள். மாநில உச்ச நீதிமன்றம் அதை 20 லட்சமாகக் குறைத்தது. அதுவும் மிகை என்று 1996 மே 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் சொன்னது. மறு ஆண்டு, 50,000 டாலரை ஏற்றுக்கொள், இல்லையேல் மறுவிசாரணை என்ற இடத்துக்கு வழக்கு வந்தது. சண்டை முழுக்கத் தண்டத் தொகையைப் பற்றித்தான். இழப்புக்கான 4,000 டாலர் அப்படியே நின்றது.

பழுதுச் செலவு விலையில் சுமார் 1.5 விழுக்காடு. இழப்போ சுமார் 9.8 விழுக்காடு, அதாவது ஆறரை மடங்குக்கும் மேல். இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். வாங்கியவர் இழப்பது பெயின்டர் கூலியை அல்ல, "புதுசு" என்பதற்காகக் கொடுத்த பணத்தை.

அந்த விகிதத்தைச் சேலத்து ஷோரூமுக்குக் கொண்டுவருவோம். உதாரணத்துக்கு எக்ஸ்-ஷோரூம் விலை ₹9,50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுதுச் செலவு ₹14,000 சொச்சம், மதிப்பிழப்பு சுமார் ₹93,000. நம் ஊர் நுகர்வோர் ஆணையங்கள் இந்த எண்ணுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனால் "ஒரு கதவுக்கு டச்சப், அதுக்கு என்ன சார்" என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல இது போதும்.

அடுத்தது, பதிவின்போது கட்டும் வரி. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரி உயர்ந்தது: ₹5 லட்சம் வரையிலான காருக்கு 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. நம் உதாரணக் காருக்கு ₹1,23,500. ₹12 லட்சம் காராக இருந்தால் ₹2,16,000, அதோடு 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு மூலத்தில் வசூலிக்கும் 1 விழுக்காடு வருமான வரி ₹12,000. இன்சூரன்ஸ் கணக்கில் முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே வண்டி மதிப்பில் 5 விழுக்காடு கழியும். இங்கே அது ₹47,500. டி.என். 30 (சேலம் மேற்கு), 54 (சேலம் கிழக்கு), 90 (சேலம் தெற்கு), 28, 88 (நாமக்கல்), 34 (திருச்செங்கோடு), எந்த எண்ணானாலும் பலகை மாட்டிய நிமிடத்திலிருந்து அது ஓர் உரிமையாளர் கண்ட வண்டி. ஆகவே பார்க்க வேண்டியதைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பணம் முழுதும் கட்டும் முன் சேஸிஸ் எண்ணை வாங்கி, ஸ்டாக்யார்டிலேயே வண்டியைப் பார்க்கக் கேட்பது வாங்குபவரின் உரிமை. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது என்கிறது.

பரிசோதிக்கும் கண்ணுக்குச் சேலம், நாமக்கல் பக்கம் பஞ்சமே இல்லை. நாமக்கல்லில் லாரி பாடியும் டேங்கரும், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியும், சங்ககிரியில் லாரித் தொழிலும் தலைமுறையாக நடக்கின்றன. பட்டி பூசி, எமரித்தாள் தேய்த்து, பிரைமர் அடித்தே வளர்ந்த பெயின்டர் ஒருவரை டெலிவரி நாளில் கூட்டிப்போனால், கதவு ரப்பர் பீடிங்கை நகத்தால் விலக்கிப் பார்ப்பார். மறுபெயின்ட் அடித்திருந்தால் உள்ளே மெல்லிய டேப் கோடு தெரியும். ஃபெண்டர் போல்ட்டின் முனையில் பெயின்ட் உடைந்திருக்கிறதா, வீல் ஆர்ச் பிளாஸ்டிக்கில் தூறல் படிந்திருக்கிறதா என்று தடவுவார். டியூப் லைட்டின் பிரதிபலிப்பு பானெட்டில் நேராக ஓடி, கதவில் வந்ததும் நெளிந்தால், "இது கம்பெனி அடி இல்லீங்க" என்று சொல்லிவிடுவார்.

கண் சொன்னதை மைக்ரானில் எழுதி வாங்குவது அடுத்த வேலை. தொழிற்சாலைப் பெயின்ட் மொத்தமாகப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். மேலே இன்னொரு முறை அடித்த இடம் 200, 300 காட்டும். பட்டி இருந்தால் 500-ஐத் தாண்டி ஓடும். தடிமன் அளக்கும் மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் அது வேலை செய்யாது. தொழிற்சாலையில் வயரிங், சீட், ரப்பர் ஏதும் இல்லாத வெறும் உடலைச் சுமார் 140 டிகிரியில் சுடுகிறார்கள். முழுதாகப் பூட்டிய வண்டியை ஒர்க் ஷாப்பில் 60 முதல் 80 டிகிரிக்கு மேல் சூடாக்க முடியாது. அதனால் எவ்வளவு கைதேர்ந்த பெயின்டர் அடித்தாலும் அது வேறு வகைப் பெயின்ட்தான். கூரை, பானெட், நான்கு கதவு, டிக்கி என ஒவ்வொரு இடத்திலும் எடுத்த அளவை சேஸிஸ் எண், தேதியோடு படம் எடுத்து வைத்தால் பின்னால் அதுவே சாட்சி.

சில அமெரிக்க மாநிலங்களைப் போல "இத்தனை விழுக்காட்டுக்குள் சொல்ல வேண்டாம்" என்ற எல்லை நம் சட்டத்தில் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புதுப்பித்த அல்லது சீர்செய்த பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவதை முறையற்ற வணிகம் என்கிறது. சேவையில் வேண்டுமென்றே தகவலை மறைப்பதும் குறைபாடுதான் என்று 2(11) பிரிவு சொல்கிறது. சரக்கு லாரியில் ஏற்றி இறக்கும்போது கீறல் விழுவது நடக்கக்கூடியது. அதைச் சொல்லி, விலை குறைத்து, எழுதிக் கொடுத்து விற்கும் டீலர்மீது எந்த வழக்கும் நிற்காது. மறைப்பதை மட்டும் நான் சிறிய விஷயமாகக் கருத மாட்டேன். ஒரு குடும்பம் ஐந்து அல்லது ஏழு ஆண்டு தவணை கட்டப்போகும் பொருள் அது.

வழக்குச் செலவைப் பாருங்கள். கொடுத்த விலை ₹5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை ₹200, 20 லட்சம் வரை ₹400, 50 லட்சம் வரை ₹1,000. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம். ₹93,000 இழப்புக்கு ₹200 கட்டணம். வக்கீல் கட்டாயமில்லை. கோயம்புத்தூரில் வாங்கிய ராசிபுரத்துக்காரர் நாமக்கல் ஆணையத்திலேயே மனுப் போடலாம், ஏனென்றால் குடியிருக்கும் ஊரில் வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. காலக்கெடு 2 ஆண்டு. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்ட முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்துவிட்டது. பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும்.

மனுவில் கேட்காததைக் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. கார் விலையோடு ஆயுள் வரி, இன்சூரன்ஸ், கடன் வட்டி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். மாற்றுக் கார் தராவிட்டால் மதிப்பிழப்புத் தொகை என்று இரண்டாவது கோரிக்கையும் வேண்டும், ஏனென்றால் பெயின்டுக்காக முழுக் காரையும் மாற்றச் சொல்வது எளிதாகக் கிடைக்கும் உத்தரவு அல்ல. அந்த சேஸிஸ் எண்ணில் டீலரின் பாடி ஷாப்பில் ஜாப் கார்டு போட்டிருந்தால் அதைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படியும் கேளுங்கள்.

யார்மேல் வழக்கு? டீலர், நிறுவனம் இருவர்மேலும். ஆனால் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த கோவா வழக்கு ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2011-இல் புதிது என்று விற்ற டாடா கார் 2009-இல் தயாரானது, 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது. டீலருக்குத் தெரிந்த குறைக்கு, தனக்குத் தெரியாத நிலையில் நிறுவனம் தானாகப் பொறுப்பாகாது என்று சொல்லி டாடாவை விடுவித்தது நீதிமன்றம்; டீலர்மீதான உத்தரவு நின்றது. டீலரின் யார்டில் விழுந்த கீறலுக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும்.

லாரிக்காரர்களுக்கு ஒன்று. சொந்தப் பிழைப்புக்காக ஒரு வண்டி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான். பல வண்டி வைத்து வணிகம் செய்பவர் இந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார். அவர் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். கோழிப்பண்ணை நிறுவனம் தன் இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார் வேறு கணக்கு. அப்படிப்பட்ட ஒரு பென்ஸ் கார் வழக்கில் அது வணிகப் பயன் அல்ல என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பல டீலர்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள். சீட் கவர், மேட், கூடுதல் வாரண்டி என்று ₹15,000 மதிப்புக்கு ஏதாவது நீட்டுவார்கள். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். வாங்குவதானால், எந்தப் பேனலில் எப்போது பெயின்ட் அடித்தார்கள் என்பதை ஷோரூம் லெட்டர்பேடில் எழுதி வாங்கிய பிறகே "முழுத் திருப்தி" என்ற தாளில் கையெழுத்துப் போடுங்கள்.