பூங்கா லாரிக்குப் பதினைந்து வயது

டீயைக் குடித்துக்கொண்டே பேசலாம் தம்பி. நகராட்சிப் பூங்காப் பிரிவின் பழைய லாரியை மாற்ற வேண்டும், கோப்பை எங்கே தொடங்குவது என்றுதானே கேட்டீர்கள்? ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் தேதியில் தொடங்குங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 52ஏ என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, முதல் பதிவிலிருந்து 15 ஆண்டு முடிந்த அரசு வண்டியின் பதிவு தானாகவே காலாவதி. மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி வண்டிகளும் இதில் அடக்கம். இன்ஜின் நன்றாக இருக்கிறது, எஃப்.சி. வாங்கிவிடலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஏலத்தில் யாராவது எடுத்து ஓட்டட்டும் என்றும் விட முடியாது. பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும்.

2011 ஜூனில் பதிவான லாரிக்கு 2026 ஜூனில் ஆயுள் முடிகிறது. விதி வந்த அன்றே தெரிந்த தேதி இது. லாரி நின்ற பிறகு முதல் குறிப்பு எழுதினால், ஒப்புதல், டெண்டர், சேசிஸ் வருவது, பாடி கட்டுவது, பதிவு என்று மாதங்கள் ஓடும். அதற்குள் கோடை வந்தால் புதிதாக வைத்த கன்றுகள்தான் முதலில் போகும். ஒரு வருடம் முன்னாலேயே கோப்பைத் திறந்துவிடுங்கள்.

அடுத்தது, பழைய லாரி இத்தனை நாளாக என்ன வேலை பார்த்தது என்று பார்க்க வேண்டும். லாக் புக்கில் கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பூங்கா வண்டி அதிகம் ஓடாது, ஆனால் நின்ற இடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் பம்புக்கும் டிப்பரைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்கும் சக்தி பெரும்பாலும் அந்த இன்ஜினிலிருந்துதான் வருகிறது. ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் அதைச் சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாகப் பராமரிப்பில் கணக்கிடுவது உண்டு. மீட்டரில் குறைவாகத் தெரியும் வண்டி உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். புது வண்டியில் மணிக்கணக்கு காட்டும் மீட்டரும் வேண்டும் என்று கேளுங்கள்.

இனி லோடு. இங்கேதான் நிறைய நகராட்சிகள் தடுமாறுகின்றன. வெட்டிய கிளை இடத்தை அடைக்கும், எடை இருக்காது. ஈர மண் நேர்மாறு: ஒரு கன மீட்டரே ஒன்றரை டன்னுக்கு மேல் போகும். தண்ணீர் கணக்கு எளிது, 1,000 லிட்டர் ஒரு டன். 5,000 லிட்டர் டேங்கை ஏற்றினால் தண்ணீர் மட்டும் ஐந்து டன், அதோடு டேங்கின் இரும்பு எடை வேறு. மூன்றையும் ஒரே வண்டியில் ஏற்றப் பார்த்தால் எதற்கும் பொருந்தாத வண்டிதான் கிடைக்கும். கிளைக்கு உயரமான பக்கக் கம்பி அடைப்பு வேண்டும், மண்ணுக்குத் தாழ்வான வலுவான டிப்பர் வேண்டும். டேங்கருக்குள் தடுப்புத் தகடு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் பாதி நிரம்பிய டேங்கோடு வளைவில் திரும்பினால் தண்ணீர் ஒரு பக்கம் புரண்டு வண்டியையே சாய்க்கும்.

என் யோசனை, ஒரு பெரிய லாரியை எடுத்துவிட்டு இன்னொரு பெரிய லாரியை வாங்காதீர்கள். தண்ணீருக்கு ஒரு டேங்கர், கிளைக்கும் சருகுக்கும் ஒரு குட்டியானை என்று பிரித்துப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தது போன்ற நாட்கள் வரத்தான் செய்யும். அந்த ஒரு வாரத்துக்கு வாடகை லாரி எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து வருடமும் குறுகிய தெருக்களில் பெரிய லாரியைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், லோடு ஏற்றும் உயரம். பூங்காவில் கூட்டிப் பெருக்குவதும் கிளையை அள்ளுவதும் நிறைய இடங்களில் நடுத்தர வயதுப் பெண்கள்தான். லாரித் தளம் அவர்கள் நெஞ்சு உயரத்தில் இருந்தால் ஒவ்வொரு கட்டையும் தோளுக்கு மேல் போக வேண்டும். தளம் இடுப்பு உயரத்துக்கு இறங்கினால் அதே வேலை பாதி பாரம். டெண்டர் எழுதுமுன் அவர்களை ஒரு காலி வண்டி பக்கத்தில் நிற்கவைத்து, எது கைக்கு எட்டுகிறது என்று கேளுங்கள். இன்ஜினின் குதிரைத் திறனை எழுத அரைப் பக்கம் ஒதுக்குகிறோம், இதற்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை. எனக்கு இது தாங்கவே முடியாத விஷயம்.

எரிபொருளுக்கு வருவோம். 2020 ஏப்ரல் முதல் பதிவாகும் புது வண்டிகள் பி.எஸ்.6. இந்த டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரி எரிந்து சாம்பலாக நல்ல சூடு வேண்டும், அதற்கு வண்டி தொடர்ந்து ஓட வேண்டும். பூங்காவுக்குப் பூங்கா நின்று நின்று போகும் வண்டிக்கு அந்தச் சூடு ஏறாது. கரி அடைத்து, டேஷ்போர்டில் விளக்கு எரிந்து, வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். அதனால் சிறிய வண்டி என்றால் சி.என்.ஜி. அல்லது மின்சாரத்தைப் பாருங்கள். டாடா ஏஸ் மின்சார வண்டி 2022இல் அறிமுகமானது. தினமும் அதே ஷெட்டுக்குத் திரும்பும் வண்டி என்பதால் இரவில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். டேங்கருக்கு டீசல்தான் என்று முடிவானால், வாரத்துக்கு ஒருமுறையாவது புறவழிச்சாலையில் நீளமாக ஓட்டிவர டிரைவருக்குச் சொல்லிவையுங்கள். பெரிய வண்டி என்றால் புகையைச் சுத்தமாக்க யூரியா ஊற்றும் செலவையும் ஆண்டுச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

டெண்டரில் பொதுவாகக் கம்பெனி பெயர் எழுதக் கூடாது, தேவையை எழுதலாம். எத்தனை கிலோ ஏற்ற வேண்டும், தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பூங்கா கேட்டின் அகலம் எவ்வளவு, ஓட்டாமல் நின்றபடி பம்பு எத்தனை மணி நேரம் ஓட வேண்டும். இந்த நாலையும் எண்ணாகப் போட்டுக்கொண்டு நாளைக்கு வாருங்கள், மற்றதைச் சேர்ந்து எழுதிவிடலாம்.