கழிமுகத்து எண்ணூர்

முதுகலை வகுப்பில் நெய்தற்பாடல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர் ஒருவர் எழுந்து, ‘ஐயா, கழி என்றால் கழிவுநீரா?’ என்று வினவினார். வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் இருந்த எண்ணூர்த் தாழங்குப்பத்து மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. ‘எங்கள் ஊரில் இப்போது இரண்டும் ஒன்றுதான் ஐயா’ என்றார். உரையாசிரியர் எவரும் தராத அவ்விளக்கமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். அடுத்து வந்த விடுமுறையில் அவருடன் எண்ணூர் சென்று, முகத்துவாரத்து மணலில் ஒரு பகற்பொழுது நின்று பார்த்துவந்தேன். நூலறிவோடு கண்ணறிவும் கலந்த செய்திகளை ஈண்டு தருகிறேன்.

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, கடலை ஒட்டிச் செல்லும் சாலையில் திருவொற்றியூரைக் கடந்தால் எண்ணூர் வரும். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசத்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகம். மூன்று புறமும் நீர் சூழ்ந்த இம்மணல் நாக்கில் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் எனப் பரதவர் ஊர்கள் அமைந்துள்ளன. தாழை வளர்ந்த இடம் தாழங்குப்பம், ஆற்றுவாயில் அமைந்தது முகத்துவாரக்குப்பம் என ஊர்ப்பெயர்களே நிலத்தை வரைந்து காட்டுகின்றன. எண்ணூரை அடுத்த கத்திவாக்கத்தின் ஈற்றிலுள்ள ‘வாக்கம்’ என்பது ‘பாக்கம்’ என்பதன் திரிபாகும். பாக்கமும் பட்டினமும் நெய்தல் நிலத்து ஊர்கள் என்று அகப்பொருள் இலக்கணம் கூறும். இன்று 660 மெகாவாட் என்றும் சரக்குப் பெட்டகம் என்றும் பேசப்படும் இடத்திற்கு இலக்கணம் முன்னரே பெயரிட்டு வைத்திருப்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கழி என்பது யாது? ஆற்றின் நன்னீரும் கடலின் உவர்நீரும் ஓதத்திற்கேற்ப முன்னும் பின்னுமாக உலவும் ஆழமற்ற நீர்ப்பரப்பே கழி. ஏற்றத்தின்போது கடல் உள்ளே வரும். வற்றத்தின்போது ஆறு வெளியே செல்லும். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் நுண்குஞ்சுகள் ஏற்றநீரோடு கழிக்குள் புகுந்து, அலையாத்தி வேர்களின் நிழலிலும் சேற்றிலும் வளர்ந்து, பருத்தபின் கடலுக்கு மீள்கின்றன. கழி ஒரு தொட்டில் என்றால் அது உவமைக்காகச் சொல்வதன்று, உள்ளபடியே உண்மை. மடவை, கொடுவா, நண்டு முதலியனவும் இங்கு வளர்பவையே. கடல் கொந்தளிக்கும் நாட்களில் கட்டுமரம் இறக்கமாட்டாத பரதவர்க்குக் கழியே சோறிட்டது. வலையும் படகும் இல்லாத இருளர் பெண்டிர், இடுப்பளவு நீரில் அமர்ந்து சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறியில் இட்டுக்கொள்வர். மூலதனம் என்று சொல்ல இரண்டு கைகளன்றி வேறொன்றும் வேண்டாத தொழில் அது.

கழியின் மற்றொரு விளைபொருள் உப்பு. அத்திப்பட்டுப் பக்கம் உப்பளங்கள் விரிந்து கிடந்தன. சங்க காலத்து உமணர் வண்டியில் ஏற்றிச் சென்ற உப்பு, பிற்காலத்தில் படகேறியது. 1806ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்னும் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டுவித்த கால்வாய், பின்னர் வடக்கேயும் தெற்கேயும் நீட்டிக்கப்பட்டது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் பசித்தோர்க்குக் கூலி தரும் பணியாகவும் இக்கால்வாய் வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் இதற்குச் சூட்டப்பட்டது. மண் சுமந்தவர் பெயர் எதற்கும் சூட்டப்படவில்லை. நெல்லும் விறகும் உப்பும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறுகட்டி இழுத்துச் செல்வர். சென்னை வாழ் ஆங்கிலேயர்க்கு எண்ணூர் அக்காலத்தில் காற்று வாங்கும் விடுமுறை இடமாகவும் விளங்கியது. இச்செய்தியைச் சொன்னபோது என் மாணவர் நம்பவே இல்லை.

தொழிற்சாலைகளின் வரவு நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டித் தொடங்கியது. திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை 1946இல் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய சிறுகொட்டகையே பிற்காலத்து எம்.ஆர்.எஃப். நிறுவனம். ரகுநந்தன் சரண் 1948இல் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது; 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிச் சரக்குந்து, பேருந்துகளுக்குப் புகழ்பெற்றது. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் 1955ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் கால்கொண்டதே. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட் திறன் பெற்று, 2017 மார்ச்சு இறுதியில் மூடப்பட்டது. இதற்கிடையே ஆற்றின் வடகரையில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல் எழுந்தது. அதற்கு நிலக்கரி இறக்கவே முதன்மையாகத் திட்டமிடப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டு, 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர்பெற்றது.

இவற்றால் விளைந்த நன்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. சங்கொலி கேட்டு எழுந்து, ஷிப்டுக்கு ஓடி, மாத ஊதியம் பெற்று, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பங்கள் எண்ணூரில் பல. நம் கல்லூரியிலேயே அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் பயின்றுள்ளனர். தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே தொழிற்சங்கக் கொடியின்கீழ் நின்ற ஊர் அது. தமிழகத்தின் விளக்குகள் எரியத் தம் மண்ணைத் தந்தவர் எண்ணூரார்.

தந்ததற்கு ஈடாகப் பெற்றது என்ன என்பதுதான் வினா. நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் சாம்பலை நீரில் கரைத்து, குழாய்வழியே செப்பாக்கத்துச் சாம்பற்குளத்திற்குக் கொண்டுசெல்வர். அக்குழாய்கள் கழியைக் கடந்து செல்பவை. அவை உடையும்போதெல்லாம் சாம்பற்குழம்பு ஆற்றில் இறங்கிப் படியும். படிவு ஏற ஏற அடித்தளம் மேடாகும். மேடானால் ஏற்றநீர் முன்போல் உட்புகாது. இறால்குஞ்சு வர வழியில்லை. ஒருவர் இடுப்பளவு நீரில் நின்ற இடத்தில் இன்று கணுக்கால் நனைவதே அரிதாயிற்று. இது மீனவர் துயரம் மட்டும் என்று நகரத்தார் கருதிவிடலாகாது. கொசத்தலையாற்றின் வெள்ளம் முழுவதும் வெளியேறும் வாசல் இதுவே. வாசல் தூர்ந்தால் வெள்ளம் வீட்டிற்குள் நிற்கும்.

கடற்புறத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. கரையோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் கல்லணைகள் அதை மறித்தன. தெற்கே தங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது. மணல் வந்துசேராத வடகரையைக் கடல் அரித்தது. மெரினாவில் மாலை உலாவும் நம்மில் எத்தனை பேர், நாம் மிதிக்கும் மணல் வடக்கே ஒரு குப்பத்திற்கு உரியது என்பதை அறிவோம்?

அண்மை நிகழ்ச்சிகள் சிலவற்றைக் குறிப்பிடாது விடுதல் இயலாது. 2017 சனவரி 28இல் துறைமுகத்திற்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது; அதை இளைஞர்களும் மீனவர்களும் வாளிகளால் மொண்டெடுத்த காட்சியை நாடே கண்டது. 2023 திசம்பரில் மிக்சாங் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கழியின் அலையாத்திகளில் கறுப்பாகப் படிந்தது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். ஆழிப்பேரலை வந்த அதே தேதி. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கடலைக் கண்டு ஓடியவர்கள் இம்முறை காற்றுக்கு அஞ்சி ஓடினார்கள்.

முகத்துவாரத்தில் நின்றபோது, வலையை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் என் மாணவர், ‘தாத்தா, இவர் எங்க சாரு, கழியைப் பத்திப் பாட்டுல படிச்சுத் தர்றவரு’ என்று என்னை அறிமுகம் செய்தார். முதியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘பாட்டுல மீன் இருக்குதா வாத்தியாரே?’ என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இறாலும் உண்டு, சுறாவும் உண்டு, அயிரையும் உண்டு என்றேன். ‘அப்ப அதை நல்லா பத்திரமா வெச்சிக்குங்க’ என்று கூறிவிட்டு அவர் வலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். வலையின் கண்களில் காய்ந்த கறுப்புப் பிசின் இருந்தது. அதை நகத்தால் சுரண்டியபடி என் மாணவரும் அவரருகே அமர்ந்துவிட்டார்.