தவளையைக் குடிக்கும் மீன்

டெக்ஸாஸில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும் வாசகர் ஒருவர் அங்கிருந்தே எழுதியிருக்கிறார். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். சனிக்கிழமை தவறாமல் மாப்பிள்ளை அவரை லேக் ஃபோர்க் என்ற நீர்த்தேக்கத்துக்கு ‘பாஸ்’ மீன் பிடிக்க அழைத்துப் போகிறாராம். தூண்டிலில் கட்டுவது ரப்பர் தவளை. “பாசி மேல அதைத் தத்தித் தத்தி இழுத்துட்டு வந்தா தண்ணி குண்டு போட்ட மாதிரி எழும்புது ஐயா. பத்து தடவை அடிச்சா ரெண்டு தடவைதான் முள்ளுல மாட்டுது. ‘மாமா, அவசரப்படாதீங்க, ரெண்டு எண்ணிட்டு இழுங்க’ங்கறார் மாப்பிள்ளை. நான் சின்ன வயசுல உயிர்த் தவளையைக் கோத்து விரால் பிடிச்சவன். எனக்கே பாடமா? இதுல அறிவியல் ஏதாவது இருக்கா, இல்ல அவர் சும்மா சொல்றாரா?”

மாமனார், மாப்பிள்ளை விவகாரத்தில் மூக்கை நுழைப்பது ஆபத்துதான். ஆனால் இந்த மீனின் வாய்க்குள் நடப்பது அந்த ஆபத்துக்குத் தகுந்த விஷயம்.

பாஸ் என்றதும் நம் கடற்கரைக் கொடுவாயை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வட அமெரிக்க நன்னீர் மீன், பெருவாய் பாஸ். பெயரிலேயே வாய் இருக்கிறது. வாயைத் திறந்தால் ஒரு சொம்பு நுழையும்போலத் தெரியும். அந்த வாயில் கடிக்கிற பல் கிடையாது. உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு மட்டும்தான். பிடித்த மீனைக் கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பற்றித்தான் அங்கே தூக்கிக் காட்டுகிறார்கள். கடிக்கும் மீன் என்றால் அந்தப் புகைப்படங்களில் பாதிப் பேருக்கு விரல் இருக்காது.

அப்படியானால் இரையை அது எப்படிப் பிடிக்கிறது? குடிக்கிறது. வாயையும் தொண்டையையும் திடீரென்று விரிக்கும். உள்ளே அழுத்தம் சட்டென்று குறையும். வெளியிலுள்ள தண்ணீர் உள்ளே பாயும். அந்த வெள்ளத்தோடு இரையும் போய்ச் சேரும். பிறகு வாயை மூடிக்கொண்டு தண்ணீரை மட்டும் செவுள் வழியாக வெளியே தள்ளும். எல்லாம் பத்தில் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிற சமாசாரம். கண்ணிமைக்கும் நேரம் என்று நாம் கதைகளில் எழுதுவோமே, இங்கே அது மிகையில்லை.

அவ்வளவு வேகத்துக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். மீனின் தலையில் இருக்கும் தசைகளைச் சேர்த்துக் கட்டினாலும் ஒரு கைப்பிடி தேறாது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஏரியல் கேம்ப், தாமஸ் ராபர்ட்ஸ், எலிசபெத் பிரெய்னர்ட் மூவரும் பெருவாய் பாஸ் இரை பிடிப்பதை அதிவேக எக்ஸ்ரே படமாக எடுத்து, எலும்புகள் ஒவ்வொன்றும் எப்படி நகர்கின்றன என்று கணக்கிட்டார்கள். முடிவு 2015-இல் வெளிவந்தது. உறிஞ்சும் ஆற்றலில் சுமார் 95 விழுக்காடு நீந்தும் தசைகளிலிருந்து வருகிறது! முதுகுத் தசை தலையை மேலே இழுக்கிறது, வயிற்றுப்புறத் தசை தொண்டையைக் கீழே இழுக்கிறது, நடுவில் வாய் குகையாகிறது. அதாவது மீன் உடம்பு முழுவதையும் ஒரு பம்பு ஆக்கிக்கொள்கிறது. நாம் குழம்புச் சோற்றுக்கு நடுவில் முருங்கைக்காயை உறிஞ்சும்போது தொடைத் தசை வேலை செய்தால் எப்படி இருக்கும், அப்படி.

இவ்வளவு பெரிய பம்புக்கு எட்டும் தூரம் மட்டும் பரிதாபமாகக் குறைவு. பாஸின் உறவுக்கார மீனான புளூகில்லை வைத்துக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வாயின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே நீரோட்டத்தின் வேகம் வாயருகே இருப்பதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஊதினால் காற்று நேராகப் போகும், உறிஞ்சினால் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. அதனால் மீன் முதலில் பாய்ந்து கிட்டே போக வேண்டும். பாயும்போது முன்னால் இருக்கும் தண்ணீரை முகத்தால் தள்ளிக்கொண்டு போகும். முழுகிக் கிடக்கும் இரை என்றால் உறிஞ்சல் அந்தத் தள்ளலைச் சரிக்கட்டிவிடும்.

மிதக்கும் இரை என்றால்? இங்கேதான் நம் வாசகரின் பத்தில் எட்டு தொலைகிறது.

கல்யாணப் பந்தியில் டம்ளர் நிறையப் பாயசம் வருகிறது, மேலே முந்திரி மிதக்கிறது என்று வையுங்கள். டம்ளரைச் சாய்க்கக் கூடாது, கை படக் கூடாது, உதட்டை மட்டும் கிட்டே கொண்டுபோய் முந்திரியை உறிஞ்ச வேண்டும். உர்ரென்று சத்தம் வரும், பாயசமும் காற்றும் வரும், முந்திரி ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும். காரணம் எளிது. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. ஓடும் நீர் ஒரு பொருளைப் பிடித்து இழுக்கும் விசை அந்த அடர்த்தியைப் பொறுத்தது. முந்திரியின் எந்தப் பகுதி பாயசத்துக்குள் இருக்கிறதோ அது மட்டும்தான் இழுபடும். வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் காற்று வந்து இழுக்கப் போவதில்லை. உதடு மேற்பரப்பைத் தொட்டதும் பம்பு காற்றையும் சேர்த்து இழுத்துப் பலமிழக்கிறது. போதாக்குறைக்குப் பாயசத்தின் மேல் கெட்டியாக ஆடை படிந்திருக்கிறது, அதன் அடியிலிருந்து, கண் தெரியாமல், குத்துமதிப்பாக உறிஞ்ச வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பாசிக்கு அடியில் இருக்கும் பாஸின் நிலைமை அதுதான். கூடவே, முந்திரியில் ஒரு நூல் கட்டி, எதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாமா சத்தம் கேட்டதும் அதை வெடுக்கென்று இழுக்கிறார் என்றால் உவமை முழுமையாகிவிடும். ரொம்பத் தூரம் போய்விட்டேன், பந்தியிலிருந்து எழுந்துவிடுவோம்.

ரப்பர் தவளையின் அமைப்பில் உள்ள குறையும் இதோடு சேர்கிறது. இது உள்ளே காற்று மட்டுமே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் கூடு. அரை அவுன்ஸ், அதாவது சுமார் 14 கிராம், ஒரு வழக்கமான எடை. பின்புறம் ரப்பர் இழைகளால் கால்கள். அடியிலிருந்து வரும் இரட்டை முள் முதுகை ஒட்டிப் படுத்திருக்கும், நுனிகள் மேலே பார்த்தபடி. அதனால்தான் பாசியில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. மீனின் வாய் கூட்டை நசுக்கினால்தான் முள் வெளியே தெரியும். பாசியில் சிக்காத முள் மீனிலும் சுலபமாகச் சிக்காது. இந்தப் பேரத்தை எந்த விளம்பரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நசுங்குவதற்கு உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வேண்டும். முன்பக்கம் தூண்டில் நரம்பு கட்டும் வளையத்தைச் சுற்றியும், முள் வெளிவரும் இடத்திலும் உள்ள இடுக்குகள்தான் வாசல். உப்பிய பூரியில் விரலால் ஓட்டை போட்டால் அடங்குமே, அதே கதை. அந்த இடுக்கு வழியாகத் தண்ணீரும் உள்ளே ஏறுகிறது, நாலு வீச்சுக்கு ஒருமுறை பிதுக்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துப்போய் எல்லாத் துளையையும் பசை போட்டு அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நசுக்க நசுக்க எதிர்த்துத் தள்ளும். பல் இல்லாத வாயால் ஒரு பந்தைக் கசக்கிப் பாருங்கள்.

ஆக, வாசகர் செய்யக்கூடியவை என்ன என்பது உறிஞ்சல், நசுங்கல் என்ற இந்த இரண்டிலிருந்தே பிறந்துவிடுகிறது. தவளையின் வால் பக்கத்துக்குள் ஒன்றிரண்டு ஈயக் குண்டு போட்டால் பின்பாதி தண்ணீரில் அமிழும். அமிழ்ந்த பகுதியைத்தான் நீரோட்டம் பிடிக்கும் என்று பார்த்தோம், முள்ளும் அங்கேதான் இருக்கிறது. கால் இழைகளைக் கொஞ்சம் கத்தரிக்கலாம், மீன் காலை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போவது குறையும். கடையில் வாங்கும்போது இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, முள் நுனி எட்டிப் பார்க்கிறதா என்று சோதிக்கலாம். குளிரில் பிளாஸ்டிக் இறுகும் என்பதால் விடிகாலையில் ஏரிக்கரையிலும் ஒருமுறை. முள் நுனியை இடுக்கியால் மயிரிழை வெளியே வளைப்பதும் பலிக்கும், ஆனால் வளைத்த அளவுக்குப் பாசியும் மாட்டும்.

நரம்பைப் பொறுத்தவரை மாப்பிள்ளையிடம் ஏற்கெனவே பின்னல் நரம்புதான் இருக்கும், 50 அல்லது 65 பவுண்டு தாங்குவது. 65 பவுண்டு என்றால் ஏறத்தாழ 30 கிலோ. மூன்று நாலு கிலோ மீனுக்கு அது எதற்கு என்று தோன்றும். மீனோடு பத்துக் கிலோ பாசியும் சேர்ந்து வரும் என்பது ஒன்று. இரட்டை முள் என்பதால் ஒரே சமயத்தில் இரண்டு நுனி இறங்க வேண்டும், அதற்கு ஒற்றை முள்ளைவிட அதிக விசை வேண்டும் என்பது இன்னொன்று. நைலான் இழுத்த இழுப்பில் ஒரு பகுதியை நீண்டு கொடுத்தே விழுங்கிவிடும். பாலிஎத்திலின் பின்னல் அநேகமாக நீளாது.

இனி அந்த ‘ரெண்டு எண்ணுங்கள்’. நேர்மையாகச் சொன்னால், முதலில் இது எனக்கு மந்திரம்போலத்தான் பட்டது. மீன் வாயை மூடப் பத்தில் ஒரு விநாடி. தண்ணீர் எழும்புவதைப் பார்த்து மனிதக் கை அசையக் கால் விநாடி. நாம் எவ்வளவு பதறினாலும் மீன் முந்திக்கொண்டுவிடுகிறது! பிறகு எதற்கு எண்ண வேண்டும்?

எண்ணுவது வாய் மூடுவதற்காக இல்லை. மூடியபின் நடப்பதற்காக. வாய் நிறையத் தண்ணீர், பாசி, தவளை. தண்ணீரைச் செவுள் வழியே வெளியேற்றிய பிறகுதான் தாடை இறுகும், கூடு நசுங்கும். அதோடு, மேல்நோக்கிப் பாய்ந்த மீனின் முகம் அப்போது பெரும்பாலும் ஆகாயத்தையோ கரையையோ பார்த்திருக்கும். அந்த நிலையில் இழுத்தால் இன்னும் இறுகாத வாயிலிருந்து தவளை வந்த வழியே வரும். மீன் திரும்பிக் கீழே போகத் தொடங்கினால் நரம்பு வாயோரத்தில் குறுக்கே விழும், முள் தாடையில் இடறும். மூன்றாவது காரணம் இன்னும் சாதாரணமானது. பாதிச் சமயம் தவளை வாய்க்குள் போயே இருக்காது. சத்தத்துக்கு மயங்கி இழுத்தால் தவளை பத்தடி தள்ளிப் போய் விழும். சும்மா விட்டால் அதே மீன் திரும்பி வந்து இன்னொருமுறை அடிக்க வாய்ப்புண்டு. ஆகவே இரண்டா மூன்றா என்ற எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. கையில் கனம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கண்ணால் பார்த்து இழுக்காமல் கையால் உணர்ந்து இழுங்கள். மாப்பிள்ளை சொன்னது சரி, காரணம் சொல்லாததுதான் குறை. இதைச் சாப்பாட்டு மேசையில் எப்படி எடுத்துச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு: மிச்சிகன் மாநிலத்தின் டோவாஜியாக் ஊரில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரத்தில் தவளை செதுக்கினார். செதுக்கிய மரத்துண்டைக் குளத்தில் எறிந்தபோது பாஸ் பாய்ந்ததாம், அதிலிருந்து யோசனை வந்ததாம். இப்படிப்பட்ட கதை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று இருக்கும். காற்றடைத்த மென்கூட்டுத் தவளையை ஓஹையோவின் ஹாரி ஏலர்ஸ் 1957-இல் விற்கத் தொடங்கினார். அடிப்படை அமைப்பு அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். மாறியது அட்டைப்பெட்டி.

அட்டைப்பெட்டியில் முக்கியமாக வண்ணம். முப்பது நாற்பது நிறத்தில் தவளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பெருவாய் பாஸின் கண்ணை ஆராய்ந்து, தீனி கொடுத்து நிறம் பழக்கியும் சோதித்தார்கள். சிவப்பையும் பச்சையையும் அது நன்றாகப் பிரித்தறிகிறது. எலுமிச்சை மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமல் குழம்புகிறது. கறுப்பையும் நீலத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறது. போதாததற்கு அது தவளையைப் பார்ப்பது அடியிலிருந்து, வெளிச்சத்துக்கு எதிரே, நிழலாக. முதுகில் வரைந்த புள்ளிகள் வாங்குகிறவர் பார்ப்பதற்கு. பெட்டியில் ‘மாட்டும் விகிதம் இரட்டிப்பு’ என்று போட்டிருந்தால் எதனுடைய இரட்டிப்பு, யார் எண்ணினார்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள். பொழுது போகும்.

ஒரு விஷயம் வாசகருக்குப் பிடிக்கலாம். தவளை வீச்சுக்குப் பேர்போன அமெரிக்க ஏரிகளை மூடிக் கிடக்கும் பாசிகளில் முக்கியமானது ஹைட்ரில்லா. அது அந்த மண்ணின் செடி இல்லை. 1950-களில் மீன்தொட்டி அலங்காரச் செடியாக இலங்கையிலிருந்து ஃபுளோரிடா போய், தொட்டியிலிருந்து கால்வாய்க்கும் கால்வாயிலிருந்து ஏரிகளுக்கும் பரவியது. நம் குளங்களில் காலில் சுற்றிக்கொண்ட அதே கொடி அங்கே கூரை போட்டுக் கொடுத்திருக்கிறது.

செடிக்குப் பின்னால் மீனும் போயிருக்கிறது. விராலின் சீனத்து உறவு ஒன்று 2002-இல் மேரிலாந்தில் ஒரு குளத்தில் பெருகியிருப்பது தெரிந்து பெரிய களேபரம் ஆனது. இன்று பொட்டோமாக் ஆற்றில் அது நிலைத்துவிட்டது. அதைப் பிடிக்க அங்குள்ளவர்கள் வீசுவதும் இதே ரப்பர் தவளையைத்தான். என்றைக்காவது மாப்பிள்ளை உங்களை அந்தப் பக்கம் கூட்டிப்போனால், பாஸ் ஞாபகத்தில் கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டுவிடப் போகிறார். விராலுக்குப் பல் உண்டு என்று அவருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.